ஐப்பசி வலசை: வாசகர் கேள்விகளுக்குப் பறவை நோக்கர் பதில்கள்

புரட்டாசி பிறந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கடிதங்களில் பறவைகள் வந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

கேள்வி: புத்தகங்களில் 'இலையுதிர்கால வலசை' என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு காலமே இல்லையே? அவதானப்பட்டி ஏரிப் பூங்காவுக்கு எந்த மாதம், எத்தனை மணிக்குப் போக வேண்டும்?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: இலை உதிர்வது பறவைகள் கிளம்பி வருகிற ஊரில். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் இமயமலையிலும் குளிர் ஏறி, பூச்சி குறையத் தொடங்கியதும் அவை தெற்கே நகர்கின்றன. நமக்கு அது ஆவணியில் தொடங்கிக் கார்த்திகை வரை நீள்கிற வருகை. எல்லாம் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. ஆவணியிலேயே சாம்பல் வாலாட்டியும் உள்ளான்களும் தலைகாட்டும். புரட்டாசியில் மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசை கட்டும். நீலவால் பஞ்சுருட்டான், பழுப்புக் கீச்சான், கதிர்க்குருவிகள் வந்து சேரும். ஐப்பசியில் ஆறுமணிக்குருவி, மாங்குயில், ஈப்பிடிப்பான்கள். வாத்துகளும் சேற்றுப் பூனைப்பருந்தும் பெரும்பாலும் கடைசியில், ஐப்பசி பாதிக்கு மேல்.

நேரம்: விடிந்ததும் ஆறேகாலுக்கு உள்ளே இருங்கள், எட்டரைக்குக் கிளம்பிவிடலாம். சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறந்து வருபவை. விடியலில் கண்ணில் படும் பச்சையில் இறங்கி, முதல் இரண்டு மணி நேரம் விடாமல் இரை தேடும். வெயில் ஏறினால் இலைக்குள் அடங்கிவிடும். இரவு மழை பெய்து விடியற்காலையில் வெறித்திருந்தால் அந்த நாளைத் தவறவிடாதீர்கள். மழையில் மேலே பறக்க முடியாமல் வழியிலேயே இறங்கிய பறவைகள் அன்று பூங்கா மரங்களில் இருக்கும்.

ஏரியில் காலை நேரத்தில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். எதிர்க்கரையில் நின்றால் சூரியன் முகத்தில் அடிக்கும். தண்ணீரில் நிற்கிற எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். நிறம் தெரியாமல் தவறான பெயர் எழுதுவதில் பாதி இந்த ஒரு காரணத்தால்தான்.

கேள்வி: கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைப் பூங்காவில் வாய்க்கால் ஓரம் வயிறு மஞ்சளாக ஒரு வாலாட்டி. 'மஞ்சள் வாலாட்டி' என்று குறித்துக்கொண்டேன். நண்பர் 'சாம்பல் வாலாட்டி' என்கிறார். மஞ்சளாக இருப்பதை எப்படிச் சாம்பல் என்பது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: நண்பர் சொன்னதுதான் சரியாக இருக்கும். வாலாட்டிகளில் வயிற்றைப் பார்த்துப் பெயர் சொன்னால் தவறும். முதுகைப் பாருங்கள். சாம்பல் வாலாட்டிக்கு முதுகு சுத்தமான சாம்பல். வாலின் அடிப்பகுதியிலும் அதன் கீழும் மஞ்சள் பளிச்சென்று இருக்கும், நெஞ்சில் வெளிறிப் போயிருக்கும். கால் வெளிர்ப் பழுப்பு. வால் உடம்பைவிட நீளமாகத் தோன்றும். அதனால் ஆட்டும்போது உடம்பின் பின்பாதி முழுக்கச் சேர்ந்து ஆடுவதுபோல் இருக்கும். ஓடுகிற தண்ணீர், ஈரமான கல், மதகு, நிழலான பாதை இதன் இடம். பெரும்பாலும் தனியாக இருக்கும்.

மஞ்சள் வாலாட்டிக்கு முதுகில் பச்சை கலந்த பழுப்பு, கால் கறுப்பு, வால் குட்டை. மாடு மேயும் புல்வெளியிலும் அறுத்த வயலிலும் கூட்டமாகத் திரியும். மாட்டின் குளம்படியில் எழும்பும் பூச்சியைப் பிடிக்கத்தான் அவ்வளவு நெருக்கமாக நடக்கிறது. ஒரு சிக்கல் உண்டு: புதிதாக வந்த இளம் பறவைகளில் மஞ்சளே சரியாகத் தெரியாது, சாம்பலும் வெள்ளையுமாக இருக்கும். அப்போது கால் நிறமும் வால் நீளமும்தான் கைகொடுக்கும்.

கறுப்பு முதுகும் தடித்த வெள்ளைப் புருவமுமாக, அணைச் சுவரில் உட்கார்ந்து இனிமையாகச் சீழ்க்கை அடிப்பது வெள்ளைப்புருவ வாலாட்டி. அது ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பது. வலசைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்றையும் தேடச் சொல்வோம். பூங்காவில் ஆலமரத்தடி, புங்கமரத்தடி போல உதிர்ந்த இலை மெத்தையாகக் கிடக்கும் நிழலில் அசையாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பழுப்பு முதுகு, சிறகில் இரண்டு வெள்ளைப் பட்டை, நெஞ்சில் இரண்டு கறுப்பு வளையம். நாலு அடி நடக்கும், நிற்கும், பின்பாகத்தை இடமும் வலமுமாக அசைக்கும். மற்ற வாலாட்டிகள் எல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டும். பக்கவாட்டில் ஆட்டுவது இந்தக் காட்டு வாலாட்டி ஒன்றுதான். கிழக்கு ஆசியாவில் கூடு கட்டிவிட்டு நம் புங்கமரத்து நிழலுக்கு வருகிறது. இலை கிடந்தால்தான் அதற்குச் சோறு. பூங்காவைப் பராமரிப்பவர்கள் பாதையைப் பெருக்கட்டும். மரத்தடி இலையை மட்டும் தை மாதம் வரை கூட்டி எரிக்காமல் விட்டுவைத்தால் பெரிய உதவி. இதை நேரில் போய்ப் பேசுங்கள். வாசகர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்ளும் ஒரே விண்ணப்பம் இது.

கேள்வி: எங்கள் ஏரியில் போன ஆண்டு தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது, பறவை நிறைய வந்தது. இந்த ஆண்டு கரை தொட்டு நிற்கிறது, பறவையைக் காணோம். தண்ணீர் நிறைந்தால் பறவை வரும் என்றல்லவா சொல்கிறார்கள்? நீர் கெட்டுவிட்டதா?
– வாசகி, தருமபுரி

பதில்: இதை வைத்து மட்டும் நீர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு பறவைக்கும் காலும் கழுத்தும் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழம்தான் பயன்படும். பொறி உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி போன்றவை ஈரச் சேற்றிலும் நாலைந்து சென்டிமீட்டர் தண்ணீரிலும் புழு பொறுக்குபவை. ஏரி நிறைந்து கரை மூழ்கினால் அவற்றுக்கு நிற்கவே இடமில்லை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை முங்கி நீந்தி இரை தேடுவதில்லை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, பின்பாகத்தை மேலே தூக்கி, அடியில் இருக்கும் விதையையும் செடியையும் மேயும். அடி எட்ட வேண்டுமானால் ஆழம் சுமார் ஓர் அடிக்குள் இருக்க வேண்டும். கரை முட்டிய ஏரி முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும்தான் கொண்டாட்டம். அவை முங்கி மீன் பிடிப்பவை.

எனவே நிறைந்த ஏரியில் நடுவே தேடுவதை விட்டு, தண்ணீர் உள்ளே வரும் பக்கத்துக்கு, அதாவது ஓடை வந்து சேரும் தலைப்பக்கத்துக்குப் போங்கள். கரையும் மதகும் இருக்கும் பக்கம் ஆழம். தலைப்பக்கம்தான் தட்டையாக, புல்லும் கோரையுமாக இருக்கும். பூங்காவும் நடைபாதையும் பெரும்பாலும் ஆழப் பக்கத்தில் அமைவதால் பலர் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கும் இல்லையென்றால் ஏரிக்குக் கீழே நெல் நடத் தண்ணீர் கட்டிய வயல்களைப் பாருங்கள். ஏரியில் இடம் கிடைக்காத உள்ளான்கள் அங்கே இருக்கும். பின் மார்கழி, தை கடந்து பாசனத்துக்குத் தண்ணீர் இறங்க இறங்கச் சேறு வெளிவரும். இறங்குகிற அந்த விளிம்பை வாரம் ஒருமுறை பார்த்து வாருங்கள்.

கே.ஆர்.பி. அணைப் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அணையின் 52 அடி நீர்மட்டம் நெருங்கும்போது தென்பெண்ணையில் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். ஆற்றுக்குள் பாறையில் நிற்கும் பறவையைப் படம் எடுக்க யாரும் இறங்க வேண்டாம். கரையிலிருந்தே நன்றாகத் தெரியும்.

கேள்வி: சேற்றில் நடக்கும் உள்ளான்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன. சுருக்கமாக ஒரு வழி?
– வாசகர், பர்கூர்

பதில்: மூன்றைப் பிரித்துவிட்டால் முக்கால்வாசி முடிந்தது. நெஞ்சின் பழுப்புக்கும் மடித்த சிறகுக்கும் நடுவில் வெள்ளை ஆப்பு போல மேலே ஏறினால் அது சாதா உள்ளான். பின்பாகத்தை ஓயாமல் ஆட்டும். பறக்கும்போது தண்ணீரை ஒட்டி, சிறகை விறைப்பாக வைத்துக்கொண்டு போகும். முதுகெல்லாம் வெள்ளைப் பொறி, கண்ணைத் தாண்டிப் பின்னால் வரை போகும் வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயல் கால் என்றால் பொறி உள்ளான்; கிளப்பினால் 'சிப் சிப் சிப்' என்று கத்திக்கொண்டே மேலே ஏறும். முதுகு நல்ல கருமை, புருவம் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது, பறக்கும்போது சிறகின் அடிப்பக்கம் கறுப்பு, வாலடி பளீர் வெள்ளை: பச்சை உள்ளான். பெயரில்தான் பச்சை, தேங்கிய குட்டையிலும் ஓடை ஓரத்திலும் தனியாகத் திரியும்.

கேள்வி: ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலையில் வீட்டுக் கூடத்தில் பல நிறத்தில் ஒரு பறவை. வால் இல்லாததுபோல் குட்டை. பறக்காமல் மூலையில் நின்றது. தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை. என்ன பறவை, என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகி, அரூர்

பதில்: முதுகு பச்சை, தோளில் பளிச்சென்ற நீலம், வயிறு வெளிர்ப் பழுப்பு, வாலடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை என்று நீங்கள் எழுதியிருப்பது ஆறுமணிக்குருவி. பொன்னுத்தொட்டான், தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவில் பறந்து வருகிறது. வெளிச்சத்தில் திசை குழம்பி, கண்ணாடியிலும் சுவரிலும் மோதி, வீடுகளுக்குள் புகுந்துவிடுவது ஒவ்வொரு ஐப்பசியிலும் நடப்பதுதான். உங்கள் வீட்டுக்கு வந்தது களைத்துப்போனதுதான், நோயாளி அல்ல.

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். பூனையை வெளியே விடுங்கள், விளக்கை அணையுங்கள். மெல்லிய பருத்தித் துணியை மேலே போட்டு, சிறகு இரண்டும் உடம்போடு சேர்ந்திருக்கும்படி தூக்குங்கள். பஞ்சுத் துவாலை வேண்டாம். அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டிக்கொள்ளும். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி போதும். மூடியில் பென்சில் நுழையும் அளவில் எட்டுப் பத்து ஓட்டை போடுங்கள். அடியில் பழைய வேட்டித் துணி விரித்து, பறவையை உள்ளே விட்டு மூடி, சத்தமில்லாத இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள். இருட்டுதான் அதற்கு மருந்து. அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் இறங்கிவிடும், காப்பாற்ற நினைத்தவர் கையிலேயே பறவை போவது பெரும்பாலும் இப்படித்தான். சோறு, பிஸ்கட் கொடுக்க வேண்டாம்; இது பூச்சியும் புழுவும் தின்பது.

பெட்டிக்குள் துள்ளும் சத்தம் கேட்டால் தெளிந்துவிட்டது என்று பொருள். புதரும் மரத்தடியும் உள்ள நிழலில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். தூக்கி எறிந்து பறக்கவிடாதீர்கள். காகங்கள் சுற்றினால் வேறு இடம் பாருங்கள். இந்த நிறத்தைக் கண்டால் காகம் விடாது துரத்தும். இரவில் கிடைத்தால் விடியும் வரை பெட்டியிலேயே இருக்கட்டும். சிறகு தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள், அல்லது கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அழகாக இருக்கிறது என்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் மாடி விளக்கையும் வாசல் விளக்கையும் தேவையில்லாதபோது அணைத்து வைத்தால் மோதுவதே குறையும்.

கேள்வி: மூக்குக்கண்ணாடி அணிபவன். புதிதாக வாங்கிய இருகண்ணோக்கியில் (பைனாகுலர்) நடுவில் கறுப்பு வட்டம் வந்து வந்து போகிறது. பறவை தெளிவாகத் தெரிவதற்குள் பறந்துவிடுகிறது. 10×50 வாங்கியது தவறா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: தவறில்லை, ஆனால் தொடங்குகிறவருக்கு 8×42 வசதி. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். பார்வைப் பரப்பும் பொதுவாகச் சுருங்கும், அதனால் இலைக்குள் துள்ளும் குருவியைப் பிடிப்பது கடினம். 42-ஐ எட்டால் வகுத்தால் வருகிற 5.25 மில்லிமீட்டர்தான் கண்ணுக்குள் விழும் ஒளிவட்டம். விடியலின் மங்கல் வெளிச்சத்துக்கு அது போதும்.

கறுப்பு வட்டத்துக்குக் காரணம் கண்ணும் கருவியும் சரியான தொலைவில் இல்லாதது. மூக்குக்கண்ணாடியோடு பார்ப்பவர் கண் பக்கத்து ரப்பர் வளையத்தை முழுக்க உள்ளே திருகிவிட வேண்டும். கண்ணாடி இல்லாதவர் வெளியே இழுத்து வைக்க வேண்டும். பிறகு இரண்டு குழலையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகச் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்தது பலர் செய்யாமல் விடுவது: 30 அடி தூரத்தில் உள்ள பெயர்ப்பலகை எழுத்தைப் பாருங்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மறைத்து, இடது கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். இப்போது இடதை மறைத்து, சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தில் சின்னப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இனி நடுச்சக்கரம் ஒன்றே போதும்.

பறவையைக் கண்டதும் தலையைக் குனிந்து கருவியைத் தேடாதீர்கள். பார்வையைப் பறவை மேலேயே வைத்து, கருவியைக் கண்ணுக்குத் தூக்குங்கள். இதை மொட்டைமாடியில் மைனாவை வைத்து ஒரு வாரம் பழகினால் கை தானாக வரும். எவ்வளவு திருத்தியும் ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்து தலை வலித்தால், உள்ளே பட்டகம் (பிரிசம்) நகர்ந்திருக்கிறது. வீட்டில் பிரித்துச் சரிசெய்ய முடியாது, வாங்கிய கடையில் மாற்றுங்கள். மழைக்காலத்தில் தோல் உறையில் பூட்டி வைக்க வேண்டாம். கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படியும். இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். தூசியை முதலில் ஊதுங்கள், பிறகு துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் மண்துகள் கீறிவிடும்.

கேள்வி: புதருக்குள் 'டக்... டக்' என்று சத்தம். நாள் முழுக்க நின்றாலும் ஆள் தெரிவதில்லை. செல்போனில் அதன் குரலைப் போட்டால் வெளியே வருமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: வரும். அதனால்தான் வேண்டாம் என்கிறோம். போட்டியாளன் வந்துவிட்டான் என்று நம்பி, இரை தேட வேண்டிய நேரத்தைச் சண்டையில் செலவழிக்கும். நீங்கள் கேட்டது பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவி. இரண்டு கூழாங்கல்லைத் தட்டியதுபோல் 'டக்' என்று இடைவிட்டுச் சொல்லும். தரையிலிருந்து ஆள் உயரத்துக்குள்ளேயே இருக்கும். உடம்பில் அடையாளம் எதுவும் இல்லாத பழுப்பு. மரத்தின் உச்சி இலைகளில் 'ட்சி-வீ' என்று கேட்டால் அது பச்சைக் கதிர்க்குருவி: வெளிர்ப் புருவம், சிறகில் மெல்லிய கோடு, எடை பத்து கிராம்கூட இராது. தையல்சிட்டையும் இவற்றோடு குழப்பிக்கொள்கிறார்கள். வாலை நிமிர்த்தி வைத்து 'ட்விட் ட்விட்' என்று விடாமல் கத்தினால் அது நம் ஊர்க்காரர்தான். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியை வைத்துக்கொள்ளலாம். அது சொல்வதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள்.

கேள்வி: ஏரியில் படகு விடும் இடத்தில் வாத்துகளுக்குப் பொரி போடலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: வேண்டாம். பொரியில் சத்து இல்லை, தின்னாதது ஊறி நீரைக் கெடுக்கும், நாய்களும் காகங்களும் கூடும். வலசை வந்த வாத்துகள் பெரும்பாலும் அதைத் தொடுவதும் இல்லை.

கேள்வி: பள்ளி மாணவர்களை அழைத்துப்போகிறோம். கணக்கை எப்படி எழுத வைப்பது?
– ஆசிரியை, மத்தூர்

பதில்: ஒரு குழுவுக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். 15 நிமிடம் ஒரு பட்டியல். அந்த நேரத்தில் பார்த்தது, கேட்டது எல்லாம் எழுத வேண்டும், காகம் உட்பட. இடம், தொடங்கிய நேரம், நடந்த தூரம் மேலே இருக்கட்டும். தகைவிலான் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது: கம்பியில் பத்தை எண்ணி, அந்தப் பத்து பிடிக்கும் நீளத்தை மனத்தில் வைத்து, அதேபோல் எத்தனை நீளம் என்று அளக்கச் சொல்லுங்கள். பறவை தெரியாவிட்டால் 'வாலாட்டி, வகை தெரியவில்லை' என்று எழுதுவது நேர்மையான பதிவு. ஊகித்து எழுதிய பெயர் கணக்கையே கெடுக்கும். பட்டியல்களை பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஈபேர்டு (eBird) இணையதளத்தில் ஏற்றினால் நம் ஏரியின் பதிவு என்றைக்கும் நிற்கும். ஒரு நாள் முழுக்கச் சுற்றியதை ஒரே பட்டியலாக ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ஏரிக்கு ஒன்று, பூங்காவுக்கு ஒன்று என்று பிரியுங்கள். தொடங்க நல்ல நாள் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, உலக வலசைப் பறவைகள் தினம். அன்று ஒன்றும் கண்ணில் படாவிட்டால் அதையும் எழுதி, தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சேற்றில் செத்துக் கிடந்த உள்ளானின் காலில் உலோக வளையம். என்ன செய்வது?
– வாசகர், பாலக்கோடு

பதில்: நம் நாட்டில் இத்தகைய வளையங்களை இடுவது பெரும்பாலும் மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம், கோடியக்கரையில் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். வளையத்தில் உள்ள எல்லா எழுத்தையும் எண்ணையும், முதல் எழுத்திலிருந்து வரிசை மாறாமல், எழுதிக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் படம் எடுங்கள். கிடைத்த தேதி, ஏரியின் பெயர், செத்திருந்ததா உயிரோடிருந்ததா என்பதையும் சேர்த்துச் சங்கத்துக்கு எழுதுங்கள். வெளிநாட்டு வளையமானாலும் அவர்கள் உரிய இடத்துக்குச் சேர்த்துவிடுவார்கள். செத்த பறவையை வெறுங்கையால் தொட வேண்டாம், கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளுங்கள். உயிரோடிருக்கும் பறவையானால் வளையத்தைக் கழற்றாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, கிடைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.